ஏற்காட்டுத் தோட்ட அலுவலகத்தில் நெட்வொர்க் திணறுகிறது: ஹப்பா, ஸ்விட்சா, ரவுட்டரா, எதை மாற்றுவது?

ஏற்காடு தோட்டக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கும் கொள்முதலும் பார்க்கிறேன். தோட்டத்தில் மூன்று கட்டடங்கள் இருக்கின்றன. ஃபைபர் இணைய இணைப்பு பங்களாவுக்குள் வந்து, அங்கேயுள்ள வைஃபை ரவுட்டரில் முடிகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளியுள்ள அலுவலகத்துக்கு ஒரு கேபிள் வருகிறது. அலுவலகத்திலிருந்து பழம் காயவைக்கும் களத்தின் கிடங்குக்கு இன்னொரு கேபிள் போகிறது; அந்தத் தொலைவு 180 மீட்டர் இருக்கும். அலுவலகத்தில் ஐந்து கணினிகளும் ஒரு பிரிண்டரும் கேமரா பதிவுப் பெட்டியும் உள்ளன. மொத்தம் எட்டு ஐபி கேமராக்கள், அவற்றில் நான்கு களத்தில் இருக்கின்றன. இவையெல்லாம் முன்பே இங்கிருந்த ஒரு பழைய பெட்டியில் செருகப்பட்டுள்ளன. அதன் மேல் "100 எம்பிபிஎஸ் ஹப்" என்று அச்சிடப்பட்டிருக்கிறது.

அறுவடைக் காலத்தில், எடை போட்டு ரசீது அடிக்கும் நேரத்தில், கணக்கு மென்பொருள் உறைந்து நின்றுவிடுகிறது. களத்துக் கேமராக்களின் படம் விட்டுவிட்டு வருகிறது. சேலத்தில் கேட்டபோது ஒருவர் இணையத் திட்டத்தின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். இன்னொருவர் பெரிய ரவுட்டர் ஒன்று வாங்கச் சொன்னார். பணம் கட்டுவதற்கு முன்பு, இந்தப் பெட்டிகளில் எது என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள விரும்புகிறேன். தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஐந்து ரோடு கேபிள்காரர் எழுதியது:

வணக்கம் அய்யா. கேள்வியை நன்றாக விவரித்திருக்கிறீர்கள். எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். பங்களா ரவுட்டருக்கு வரும் ஃபைபர் இணைப்பைச் சற்று நேரம் கழற்றி வைத்துவிட்டு, அலுவலகத்தின் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுங்கள். இணையமே இல்லாதபோதும் நகல் திணறுகிறது என்றால், நீங்கள் எவ்வளவு வேகமான இணையத் திட்டத்துக்கு மாறினாலும் ரசீது அடிப்பதில் மாற்றம் வராது. உங்கள் கணக்கு மென்பொருளின் தரவு அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கணினியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் ரசீது அடிக்கும் கணினியும் தரவு இருக்கும் கணினியும் பேசிக்கொள்வது அந்த ஹப்பின் வழியாகத்தான். இணையத்துக்கு அதில் பங்கே இல்லை.

180 மீட்டர் கேபிள் என்பது தனிச் சிக்கல். அது செம்புக் கம்பிக் கேபிளா, நடுவில் ஏதேனும் பெட்டி இருக்கிறதா என்று சொல்லுங்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம் எழுதியது:

கேபிள்காரர் சொன்ன சோதனை சரியானது. கணக்கர் பெட்டிகளின் வேலையைக் கேட்டிருப்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும்: வந்து சேரும் தரவில் அது எதைப் படிக்கிறது? படித்த பிறகு யாருக்கு அனுப்புகிறது?

ஹப் எதையும் படிப்பதில்லை. கேபிள் செருகும் துளையான ஒரு போர்ட்டில் வரும் மின் சிக்னலைப் புதுப்பித்து மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அப்படியே வெளியே விடுகிறது. அது யாருக்கானது என்று கண்டுகொண்டு, தனக்கு உரியதல்லாததைத் தள்ளிவிடும் வேலை ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் அட்டைக்கும் விடப்பட்டிருக்கிறது. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட் முறையை உருவாக்கியபோது எல்லாக் கணினிகளும் ஒரே நீளமான கேபிளைப் பகிர்ந்துகொண்டன. ஹப் என்பது அந்த ஒற்றைக் கேபிளைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்ததற்குச் சமம். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும் என்ற பழைய விதி அதற்கும் பொருந்தும்.

ஏற்காட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது எதிரே வரும் வண்டி ஒதுங்கி நிற்பதைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். ஹப்பில் இணைந்த கணினிகளும் அப்படித்தான் காத்திருந்து அனுப்புகின்றன. ஒவ்வொன்றும் கம்பியில் வேறு சிக்னல் ஓடுகிறதா என்று கவனித்து, இல்லை என்றால் அனுப்பத் தொடங்கும். இரண்டு கணினிகள் ஒரே கணத்தில் தொடங்கிவிட்டால் சிக்னல்கள் மோதிச் சிதைந்துவிடும். மோதலை உணர்ந்த இரண்டும் நிறுத்திவிட்டு, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த ஒரு கால அளவு காத்திருந்து மீண்டும் முயலும். மறுபடி மோதினால் காத்திருக்கக்கூடிய கால வரம்பு இரு மடங்காகும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் அட்டை அந்த ஃப்ரேமை, அதாவது அனுப்ப முயன்ற தரவுத் துண்டை, கைவிட்டுவிடும். ஆள் குறைவாக இருக்கும்போது இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கும். ஓயாமல் பேசும் சாதனங்கள் சேரும்போதுதான் திணறுகிறது, உங்கள் கேமராக்கள் ஓயாமல் பேசுகிறவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால் எட்டுக்கும் 32 மெகாபிட் ஆகிறது. அந்தத் தரவு பதிவுப் பெட்டிக்கு மட்டுமே தேவை. ஆனால் ஹப்பில் அது ரசீது அடிக்கும் கணினியின் கேபிளிலும் பிரிண்டரின் கேபிளிலும் ஓடுகிறது. 100 மெகாபிட் என்பது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் அளவு என்று பலர் எண்ணுகிறார்கள்; ஹப்பில் அது எல்லாரும் சேர்ந்து பகிரும் அளவு. மோதல்களில் வீணாவதையும் கழித்தால் மிச்சம் இன்னும் குறையும்.

இதில் பாதுகாப்புக் குறையும் இருக்கிறது. தனக்கு வராத தரவைத் தள்ளிவிடாமல் எல்லாவற்றையும் பிடித்துவைக்கும்படி ஒரு நெட்வொர்க் அட்டையை எளிதாக அமைத்துவிடலாம். ஹப் இருக்கும் அலுவலகத்தில், குறியாக்கம் இல்லாமல் போகும் கடவுச்சொல்லை அடுத்த மேசைக்காரர் படிக்க முடியும். கூலிப் பட்டியலும் கொள்முதல் விலையும் இருக்கும் அலுவலகத்தில் இது சின்ன விஷயம் அன்று.

ஸ்விட்ச் படிக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமின் தொடக்கத்திலும் பெறுநரின் மேக் முகவரியும் அனுப்புநரின் மேக் முகவரியும் இருக்கின்றன. இவை 48 பிட் நீளமுள்ள எண்கள், நெட்வொர்க் அட்டையைத் தயாரிக்கும்போதே பதிக்கப்படுபவை. ஸ்விட்ச் பெறுநர் முகவரியைப் பார்த்து, அவர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. கேமராவின் ஃப்ரேம் பதிவுப் பெட்டியின் போர்ட்டுக்குப் போகும். அதே நொடியில் ரசீதுக் கணினி தரவுக் கணினியோடு தனியே பேசிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒருவர் மட்டுமே இருப்பதால் அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும், மோதலுக்கே இடமில்லை. 1990இல் கல்பனா என்ற நிறுவனம் ஏழு போர்ட்டுகளுடன் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. அப்போது விலை மிகுந்த கருவியாக இருந்தது இன்று சேலத்தில் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும் எளிய பெட்டி.

அம்மாபேட்டை மாணவி எழுதியது:

ஐயா, எனக்கு ஓர் ஐயம். பெறுநர் எந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று ஸ்விட்சுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? கடையில் வாங்கி மின்சாரம் கொடுத்த உடனே, எந்த அமைப்பும் செய்யாமல் அது வேலை செய்கிறதே? இன்னொன்று, எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நெட்வொர்க்கில் ஓடும் தரவுப் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்கும் பயிற்சிக்கு ஹப் வேண்டும் என்கிறார்கள். ஹப்புக்கு இன்னும் பயன் இருக்கிறதா?

பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம் எழுதியது:

யாரும் சொல்லித் தருவதில்லை, அம்மா. பெறுநர் முகவரியை அனுப்புவதற்குப் பயன்படுத்தும் ஸ்விட்ச், அனுப்புநர் முகவரியைக் கற்றுக்கொள்வதற்குப் பயன்படுத்துகிறது. மூன்றாம் போர்ட்டில் ஒரு ஃப்ரேம் வந்தால், அதை அனுப்பிய அட்டை மூன்றாம் போர்ட்டின் பக்கம் இருக்கிறது என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. பெறுநர் யாரென்று அட்டவணையில் இல்லாவிட்டால், அந்த ஒரு ஃப்ரேமை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பிவிடும். பெறுநர் பதில் அனுப்பும்போது அவர் இருக்கும் இடமும் தெரிந்துவிடும். பல ஸ்விட்சுகளில் ஒரு முகவரியிலிருந்து 300 நொடிகள் எதுவும் வராவிட்டால் அந்தப் பதிவு நீக்கப்படும்.

எல்லாருக்குமான பிராட்காஸ்ட் ஃப்ரேமை ஸ்விட்சும் எல்லாப் போர்ட்டுகளிலும் அனுப்பியே ஆக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

ஆய்வகப் பயிற்சிக்கு ஹப் நல்ல கருவிதான். ஸ்விட்சில் செருகினால் உன் கணினிக்கு வருவதும் பிராட்காஸ்டும் மட்டுமே தெரியும். விலை கூடிய ஸ்விட்சுகளில் ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்குப் பிரதியெடுத்துத் தரும் வசதி உண்டு, அது இருந்தால் ஹப் தேவையில்லை.

ஏற்காடு தோட்டக் கணக்கர் எழுதியது:

சோதனையைச் செய்து பார்த்தேன். ஃபைபரைக் கழற்றிய பிறகும் கோப்பு நகல் அதே அளவு திணறியது. கேமரா பதிவுப் பெட்டியின் கேபிளையும் கழற்றிய உடனே நகல் நன்றாக ஓடத் தொடங்கியது. ஆக, இணையத் திட்டத்தை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

களத்துக்குப் போகும் கேபிள் செம்புக் கேபிள்தான். நடுவில் எந்தப் பெட்டியும் இல்லாமல் சில்வர் ஓக் மரங்களில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதன் மறுமுனையில் கேமராக்களுக்கு மின்சாரமும் தரும் சிறிய ஸ்விட்ச் ஒன்று உள்ளது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பங்களாவுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் பயன்படாத பழைய கேபிள் ஒன்று கிடந்தது. மழைக்குப் பிறகு சுத்தம் செய்தபோது யாரோ அதன் இரு முனைகளையும் செருகிவிட்டார்கள் போலும். அன்று எல்லா விளக்குகளும் விடாமல் மினுக்கின, எந்தக் கணினியும் எதனோடும் பேசவில்லை. பழைய கேபிளை உருவியதும் சரியாகிவிட்டது. இரண்டு கேபிள்கள் இருந்தால் வழி இரட்டிப்பாகும் என்றுதானே தோன்றும்? ஏன் எல்லாமே நின்றது?

ஐந்து ரோடு கேபிள்காரர் எழுதியது:

முதலில் அந்த இரண்டாவது கேபிளைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பங்களா ரவுட்டரின் பின்னால் இருக்கும் நான்கு போர்ட்டுகள் உண்மையில் அதற்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு ஸ்விட்ச். அலுவலக ஹப்புக்கும் அந்த ஸ்விட்சுக்கும் இடையே இரண்டு கேபிள்கள் இருந்தால் ஒரு வளையம் உண்டாகிறது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி முகவரி என்ற எண் உண்டு. ஏதோ ஒரு கணினி "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று ஒரு பிராட்காஸ்ட் அனுப்புகிறது. விரிவுரையாளர் சொன்னபடி அது எல்லாப் போர்ட்டுகளிலும் போகிறது. முதல் கேபிளில் போனது இரண்டாவது கேபிளில் திரும்பி வருகிறது, வந்தது மீண்டும் முதல் கேபிளில் போகிறது. எத்தனை தாவலுக்குப் பின் கைவிடுவது என்று சொல்லும் ஆயுள் எண் எதுவும் ஈதர்நெட் ஃப்ரேமில் கிடையாது. எனவே யாராவது கேபிளை உருவும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த பிராட்காஸ்டுகளும் அதோடு சேர்ந்து, சற்று நேரத்தில் கேபிளின் முழுக் கொள்ளளவையும் பிடித்துக்கொள்ளும். ஒரே அனுப்புநர் முகவரி இரண்டு போர்ட்டுகளில் மாறி மாறித் தெரிவதால் ஸ்விட்சின் அட்டவணையும் குழம்பிப்போகும்.

இதற்குத் தீர்வு உண்டு. 1985இல் ராடியா பெர்ல்மன் டெக் என்ற கணினி நிறுவனத்தில் இருந்தபோது ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் சிறு செய்திகளைப் பரிமாறி, எங்கே வளையம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, மிகையான வழியைத் தாமே அடைத்துவைக்கின்றன. முதல் வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கின்றன. விலை குறைந்த, அமைப்பு எதுவும் செய்ய முடியாத ஸ்விட்சுகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. உங்களுக்கு இது கட்டாயம் தேவை என்று நான் சொல்ல மாட்டேன். பழைய கேபிளை இரு முனையிலும் வெட்டி எடுத்துவிட்டால் போதும்.

இப்போது 180 மீட்டருக்கு வருவோம். செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு வகுத்த எல்லை 100 மீட்டர். அதில் சுவருக்குள் போகும் நிலையான கேபிளுக்கு 90 மீட்டரும் இரு முனைகளின் சிறு கேபிள்களுக்கு 10 மீட்டரும் கணக்கு. அதைத் தாண்டினால் உடனே அறுந்துபோகாது. அதனால்தான் பலரும் இழுத்துவிடுகிறார்கள். விளக்கு எரியும், இணைப்பு இருப்பதாகவே காட்டும். ஆனால் சிக்னல் தேய்ந்து பிழைகள் கூடும், பிழையுள்ள ஃப்ரேம்களைப் பெறும் முனை ஓசையில்லாமல் எறிந்துவிடும். உங்கள் கேமராப் படம் விட்டுவிட்டு வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். மழை நாளில் கூடுதலாகத் திணறுகிறதா என்று பாருங்கள். மரத்தில் தொங்கும் கேபிளின் உறை வெடித்து நீர் புகுந்திருந்தால் அப்படி ஆகும்.

இன்னொரு வாய்ப்பையும் சரிபாருங்கள். எந்தக் கருவியிலாவது "முழு டூப்ளெக்ஸ்" (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் நிலை) என்று கையால் நிலைநிறுத்தி வைத்திருக்கிறார்களா? ஒரு முனை நிலையாக முழு டூப்ளெக்ஸிலும், தானாகப் பேசி முடிவுசெய்யும் மறுமுனை அரை டூப்ளெக்ஸிலும் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) போய் நின்றுவிட்டால், சின்னச் சோதனைகளில் எல்லாம் நன்றாக இருக்கும். பெரிய கோப்பு போகும்போது மட்டும் வேகம் சரிந்துவிடும். கண்டுபிடிக்க மிகவும் கடினமான கோளாறு இது. எல்லாவற்றையும் தானியங்கு நிலையிலேயே விட்டுவிடுங்கள்.

ஆத்தூர் ஜவ்வரிசி ஆலை எழுதியது:

எங்கள் ஆலையில் அலுவலகத்திலிருந்து உலர்களத்தின் மறுகோடி வரைக்கும் இதே அளவு தொலைவு. கேபிளே இல்லாமல், 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் இரண்டு வயர்லெஸ் கருவிகளை எதிரெதிரே வைத்து இணைத்திருக்கிறோம். மழையிலும் வெயிலிலும் தடையில்லாமல் ஓடுகிறது. பள்ளம் தோண்ட வேண்டாம், செலவும் குறைவு. கணக்கர் அய்யாவும் அதையே செய்யலாமே? ஏற்காட்டில் மூடுபனி தடுக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், அது உண்மையா?

ஐந்து ரோடு கேபிள்காரர் எழுதியது:

உங்கள் இடத்துக்கு அது மிகப் பொருத்தமான தீர்வு, அண்ணா. ஜவ்வரிசி காயும் களம் திறந்த வெளி; ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரியும். மூடுபனியால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்தத் தொலைவில் சொல்லத்தக்க இழப்பு இல்லை. தடை இலைகளால் வருகிறது. காபித் தோட்டத்தில் நிழல் மரங்களும், சில்வர் ஓக்கும், அதில் ஏறிய மிளகுக் கொடியும் அடர்ந்து நிற்கும். அந்த இலைகள் மழையில் நனைந்தால் இணைப்பு தளர்ந்துவிடும். இன்று மரங்களுக்கு இடையே வழி கிடைத்தாலும் கிளைகள் வளர்ந்தால் மூடிக்கொள்ளும். அதோடு வயர்லெஸ் என்பது ஒரே அலைவரிசையை எல்லாரும் பகிரும் ஊடகம். ஹப்பைப் போலவே அங்கும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் மட்டும் பேசும் உங்கள் இணைப்பில் அது உறுத்துவதில்லை.

ஏற்காட்டுக்கு நான் ஃபைபர் கேபிளைத்தான் பரிந்துரைப்பேன். தொலைவு ஒரு காரணம். இடி அதைவிடப் பெரிய காரணம். கோடை மழைக் காலத்தில் சேர்வராயன் மலையில் இடி விழுவதைப் பற்றி அங்கே இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அருகே மின்னல் இறங்கினால் இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எழுகிறது. இடையில் செம்புக் கேபிள் இருந்தால் அந்த மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து இரு முனைகளின் போர்ட்டுகளையும் எரித்துவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வீடுகளுக்கு இழுக்கும் மெல்லிய ஃபைபர் கேபிளின் ஓரத்தில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி இருக்கும். அதைக் கட்டடத்துக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே பிரித்து வெட்டிவிட வேண்டும், அல்லது உலோகமே இல்லாத கேபிளாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மரத்தில் கட்டாமல் குழாய்க்குள் வைத்து மண்ணில் புதையுங்கள். குரங்கு தொங்கும், காட்டெருமை இழுக்கும். தோட்டத்தில் தொங்கும் கேபிள் நிலைப்பது அரிது. இரு முனைகளிலும் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வேண்டும். ஒற்றை இழையில் வேலை செய்யும் வகை வாங்கினால் அவை ஜோடியாக வரும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் பெறும், மற்றது நேர்மாறாக. ஒரே வகையில் இரண்டை வாங்கிவிட்டால் இணைப்பு எழாது. நான்கு கேமராக்களின் 16 மெகாபிட்டுக்கு 100 மெகாபிட் ஜோடியே தாராளம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை எழுதியது:

ரவுட்டர் வாங்கச் சொன்னவரின் பேச்சைக் கேட்கும் முன் எங்கள் அனுபவத்தையும் படித்துவிடுங்கள். பட்டறையின் மேல்மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று ஒரு கடையில் சொன்னபோது, இரண்டாவது ரவுட்டரைக் கொடுத்து, ஆள் அனுப்பிப் பொருத்தியும் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து சில கணினிகளில் இணையம் வரும், சிலவற்றில் வராது. நேற்று வந்தது இன்று வராது. நெடுநாள் கழித்து என் தங்கை மகன் வந்து பார்த்தான். இரண்டு ரவுட்டர்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தன, இரண்டுமே கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. 192.168.1.1ஐத் தேடும்போது புதிய ரவுட்டர் பதில் சொல்லிவிட்டால், கணினி இணையத்துக்கு அதனிடமே வழி கேட்கிறது. அதற்கு இணைய இணைப்பே கிடையாது. முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை அதில் நிறுத்தி, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கேபிளை லேன் (உள் நெட்வொர்க்) போர்ட்டிலேயே வைத்தான். அன்று முதல் சிக்கல் இல்லை. ஆனால் அது இப்போது ரவுட்டராக வேலை செய்கிறதா என்பது எனக்கு விளங்கவில்லை.

பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம் எழுதியது:

உங்கள் மருமகன் செய்தது மிகச் சரி. இப்போது அந்தப் பெட்டி ஸ்விட்சாகவும் வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்டாகவும் மட்டுமே வேலை செய்கிறது. அதற்குள் இருக்கும் ரவுட்டர் பகுதி சும்மா இருக்கிறது. நாம் ரவுட்டர் என்று கடையில் வாங்குவது உண்மையில் மூன்று கருவிகள் ஒரே உறைக்குள் இருப்பது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ரவுட்டர் பகுதி படிப்பது ஐபி முகவரியை. ஒரு கணினி தரவு அனுப்பும் முன், பெறுநர் தன் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க்கைக் கொண்டு தானே முடிவுசெய்கிறது. மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால், 192.168.1.10க்கும் 192.168.1.20க்கும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே நெட்வொர்க். உடனே ஏஆர்பி என்னும் பிராட்காஸ்ட் மூலம் பெறுநரின் மேக் முகவரியைக் கேட்டறிந்து நேரடியாக அனுப்பிவிடும். ஸ்விட்சோடு வேலை முடிந்தது. பெறுநர் வெளியே இருந்தால்தான் ஃப்ரேமை ரவுட்டரின் மேக் முகவரிக்கு அனுப்பும். ரவுட்டர் அந்த ஃப்ரேமின் உறையைக் களைந்து, உள்ளே இருக்கும் ஐபி பாக்கெட்டின் பெறுநர் முகவரியைத் தன் வழி அட்டவணையில் தேடி, அடுத்த இணைப்புக்கு உரிய புதிய ஃப்ரேமில் வைத்து அனுப்புகிறது. பாக்கெட்டின் ஆயுள் எண்ணில் ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் குறைக்கிறது; பூச்சியமானால் பாக்கெட் கைவிடப்படும். அதனால் ரவுட்டர்களுக்கு இடையே வளையம் உண்டானாலும் ஒரு பாக்கெட் முடிவில்லாமல் சுற்றாது. பிராட்காஸ்டையும் ரவுட்டர் அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனி நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கப்பட்டவை. சேலத்திலும் ஏற்காட்டிலும் எத்தனையோ வீடுகளில் அதே எண்கள் இருக்கின்றன. வெளியே போகும்போது அந்த முகவரியை இணைய நிறுவனம் தந்த முகவரியாக மாற்றி, பதில் வரும்போது உரிய கணினிக்குத் திருப்பித் தருவது ரவுட்டர் செய்யும் இன்னொரு வேலை. இரண்டாவது ரவுட்டரை அதன் வான் (WAN, இணையம் வருவதற்கான) போர்ட்டில் செருகியிருந்தால் இந்த மாற்றம் இருமுறை நடக்கும். இணையம் வரும், ஆனால் கீழ்மாடிக் கணினிகளின் பட்டியலில் மேல்மாடிப் பிரிண்டர் தோன்றாது.

ஆகவே கணக்கர் அய்யா, உங்களுக்கு இரண்டாவது ரவுட்டர் தேவையே இல்லை. ஹப்பை எடுத்துவிட்டு அலுவலகத்தில் ஒரு கிகாபிட் ஸ்விட்சை வையுங்கள். கேமராக்களுக்கு விலான், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் தனி நெட்வொர்க், பிரிக்கச் சிலர் சொல்லக்கூடும். எட்டுக் கேமராக்களுக்கு அதைப் பராமரிக்கும் சுமை அதிகம் என்பது என் கருத்து.

ஏற்காடு தோட்டக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹப்பின் இடத்தில் 16 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச், களத்துக்குக் குழாயில் ஃபைபர், இரு முனைகளிலும் கன்வெர்ட்டர், களத்தில் இருக்கும் ஸ்விட்ச் அப்படியே, பங்களா ரவுட்டர் அப்படியே என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டேன். பழைய கேபிளையும் உருவியாயிற்று. அம்மாபேட்டைத் தங்கையின் ஆய்வகத்துக்கு வேண்டுமென்றால் ஹப்பைக் கொடுத்துவிடுகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. எடை போடும் நாளில் அலுவலக மடிக்கணினியைக் கழற்றிக் களத்துக்குக் கொண்டுபோய் அங்குள்ள ஸ்விட்சில் செருகுவோம். அதன் முகவரி அலுவலகப் போர்ட்டில் இருப்பதாக ஸ்விட்ச் எழுதி வைத்திருக்குமே; 300 நொடிகள் வரை தரவு தவறான இடத்துக்குப் போகுமா?

பாலிடெக்னிக் விரிவுரையாளர், சேலம் எழுதியது:

போகாது. கேபிளை உருவிய உடனே அந்தப் போர்ட்டின் இணைப்பு அறுந்ததை உணர்ந்து, அதற்குரிய பதிவுகளை ஸ்விட்ச் பொதுவாக நீக்கிவிடும். அப்படி நீக்காவிட்டாலும், களத்தில் செருகியதும் மடிக்கணினி ஐபி முகவரி கேட்டு ஒரு பிராட்காஸ்ட் அனுப்பும். அது களத்து ஸ்விட்ச் வழியாக ஃபைபரில் ஏறி அலுவலக ஸ்விட்சுக்கு வரும்போது, அதே மேக் முகவரி இப்போது ஃபைபர் போர்ட்டின் பக்கம் இருக்கிறது என்று பதிவு மாறிவிடும். பிரிண்டரும் தரவுக் கணினியும் இருக்கும் திசைகளைக் களத்து ஸ்விட்சும் முதல் சில ஃப்ரேம்களிலேயே கற்றுக்கொள்ளும். செருகிச் சில நொடிகள் பொறுத்து மென்பொருளைத் திறந்தால் போதும்.